கார்டு வாங்கும் முன் டப்பாவைப் பாருங்கள்!

பகலில் காலண்டர் முருகன், ராத்திரி துப்பாக்கிச் சண்டை. சிவகாசி அச்சாபீஸ்களில் டிசைனிங் வேலை பார்க்கும் வாலிபர்கள் பலருடைய ஜாதகம் இதுதான். கோரல்டிராவிலும் போட்டோஷாப்பிலும் பட்டாசு லேபிள் போட்டுச் சலித்த கண்ணுக்கு, வீட்டுக் கம்ப்யூட்டரில் நல்லதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று ஆசை வருவது நியாயம். தீபாவளி போனஸ் வருகிறது. கார்டு வருகிறது. மூன்றாம் நாள், எதிரியைக் குறி பார்க்கும் நேரத்தில் மானிட்டர் கறுத்து, கம்ப்யூட்டர் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகிறது. 'கார்டு டுபாக்கூர்' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். கார்டு பாவம். குற்றவாளி கேபினெட்டின் மூலையில் சிவனே என்று உட்கார்ந்திருக்கும் பவர் சப்ளை டப்பா. கடைகளில் அதற்குப் பெயர் எஸ்.எம்.பி.எஸ்.

ஆனைக்குட்டத்தில் எனக்கு ஒரு தம்பி உண்டு. (அர்ச்சுனா நதிக்கு அணை கட்டிய அதே ஆனைக்குட்டம்தான்.) என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3060 வாங்குவதென்று முடிவு கட்டிவிட்டு எனக்குப் போன் போட்டார்.

"அண்ணே, கேபினெட்டோட வந்த எஸ்.எம்.பி.எஸ். 450 வாட்ஸ் இருக்கு. போதும்ல?"

"லேபிள்ல 12 வோல்ட்டுக்குக் கீழே எத்தனை ஆம்பியர்னு போட்டிருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. டார்ச் அடித்துக் குனிந்து பார்த்திருப்பார்.

"பதினாறுண்ணே."

"அப்ப கார்டை அடுத்த மாசம் பாத்துக்கலாம். முதல்ல டப்பாவை மாத்துப்பா."

நான் படித்தது பி.காம். எனக்கு இதைக் கணக்குப்பிள்ளை பாஷையில்தான் சொல்ல வரும். ஒரு கம்பெனியின் ஐந்தொகையில் மொத்தச் சொத்து 450 லட்சம் என்று போட்டிருக்கும். உள்ளே போனால் கட்டடம், மேஜை நாற்காலி, வராத பாக்கி. ஒண்ணாம் தேதி சம்பளம் போடக் கையில் ரொக்கம் எவ்வளவு என்பதல்லவா கேள்வி! எஸ்.எம்.பி.எஸ். கதையும் அதுவே. அது 3.3, 5, 12 என்று மூன்று முக்கிய வோல்ட்டேஜ்களில் கரன்ட் கொடுக்கிறது. இன்றைய கம்ப்யூட்டரில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் கை நீட்டுவது பெரும்பாலும் 12 வோல்ட்டிடம். ரொக்கம் அங்கேதான். தம்பியின் டப்பாவில் 12 இன்டு 16, வெறும் 192 வாட்ஸ். மீதி 258 வாட்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். கொஞ்சம் யாரும் அதிகம் தொடாத மற்ற கணக்குகளில் இருக்கும்; மிச்சம் லேபிள் அடித்தவரின் தாராள மனசு. லேபிள் அடிப்பது எவ்வளவு சுலபம் என்று சிவகாசிக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி செலவுப் பக்கம். 3060க்கு என்விடியா சொல்லும் கணக்கு 170 வாட்ஸ். தம்பியிடம் இருப்பது இன்டெல் ஐ5-12400; முழு வேகத்தில் அது 117 வாட்ஸ் வரை இழுக்கும். இந்த ரெண்டுக்கு மட்டும் 287. பன்னிரண்டால் வகுத்தால் 24 ஆம்பியர். மதர்போர்டு, ஹார்டு டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்தால் மொத்தம் 340 வாட்ஸ் பக்கம் வந்து நிற்கும். ஆனால் இந்தக் கார்டுக்கு என்விடியா சிபாரிசு செய்வது 550 வாட்ஸ் சப்ளை. வியாபார தந்திரம் என்று நினைக்கலாம், இல்லை. 170 என்பது சராசரி. கண்ணிமைக்கும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்குக்குள் கார்டு அதைவிட வெகுவாக எகிறிவிட்டுத் திரும்பும். அந்த எகிறலில்தான் சுமாரான சப்ளை கவிழ்கிறது. 2022ல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 தரத்தில், சொன்ன வாட்ஸைப் போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோசெகண்ட் தாங்க வேண்டும் என்றே எழுதிவைத்தார்கள்.

நல்ல டப்பா தாங்க முடியாதபோது தானே அணைந்துகொள்ளும். மட்டமான டப்பாவுக்கு அந்த ரோஷம் கிடையாது. சாகும்போது மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். 1,500 ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் 25,000 ரூபாய்ப் பொருளை இழப்பது எந்தப் பேரேட்டிலும் லாபமாகாது.

அடுத்த வில்லங்கம் ஒயர். மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து கார்டுக்கு 75 வாட்ஸ்தான் வரும். அதற்குமேல் தனி ஒயர். ஆறு பின் என்றால் இன்னொரு 75, எட்டு பின் என்றால் 150. பழைய டப்பாவில் இந்த ஒயரே இருக்காது. "அதுக்கென்ன, கன்வெர்ட்டர் இருக்கே" என்று அண்ணாச்சி டிராயரைத் திறப்பார். ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா ஒயரை ஆறு பின்னாக மாற்றுகிற சமாச்சாரம். சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் தாங்கக்கூடியது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட்ஸ். அதில் 75 ஓடினால் பிளாஸ்டிக் உருகும். பட்டாசு ஆலையில் ஒரு அறைக்கு நாலு பேர்தான் என்று விதி. ஐந்தாவது ஆள் உட்கார்ந்த அன்றைக்கே ஏதும் ஆகிவிடாது என்பதற்காக விதியை யாரும் தப்பு என்று சொல்வதில்லை. கன்வெர்ட்டர் வேண்டாம். ஒரு பிராண்டின் ஒயரை இன்னொரு பிராண்டு டப்பாவில் செருகுவதும் வேண்டாம். டப்பா பக்கத்து பின் வரிசைக்குப் பொதுவான தரம் கிடையாது.

பணக்காரக் கார்டுகளும் தப்பவில்லை. 2022 அக்டோபரில் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090ன் புது மாதிரி இணைப்பு உருகுவதாக உலகம் முழுக்கப் படங்கள் பறந்தன. சுமார் 50 கேஸ் என்றும், முழுசாக அழுத்திச் செருகாதது பொதுவான காரணம் என்றும் என்விடியா அந்த நவம்பரில் சொன்னது. பிறகு 2023ல் இணைப்பின் வடிவத்தையே திருத்தினார்கள்.

பெரிய பெயர் இருந்தால் போதுமா? 2021ல் கிகாபைட் கம்பெனியின் 750, 850 வாட்ஸ் மாடல்கள் இரண்டு, சோதனையில் பட்டென்று வெடிப்பதாகப் புகார் கிளம்பியது. கம்பெனி பாதுகாப்பு வரம்பைக் குறைத்து, பழையதை மாற்றியும் கொடுத்தது. ஆகவே பிராண்டைப் பார்ப்பதோடு, அந்தக் குறிப்பிட்ட மாடலை யாராவது சோதித்து எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். '80 பிளஸ்' முத்திரை 2004ல் ஆரம்பித்த திட்டம். அது கரன்டை எவ்வளவு வீணாக்காமல் கொடுக்கிறது என்பதற்கான சான்று. உழைக்கும் என்பதற்கான உத்தரவாதம் அல்ல.

"550 வாட்ஸ் போட்டா ஈ.பி. பில் எகிறாதா?" என்று தம்பியின் அப்பா கேட்டாராம். எகிறாது, ஐயா. பெரிய பானை வாங்கினால் அரிசி அதிகம் வேகாது. கம்ப்யூட்டர் கேட்பதை மட்டும்தான் டப்பா கொடுக்கும். சொல்லப்போனால் பழைய மட்டமான டப்பாதான் கரன்டைச் சூடாக்கி வீணடிக்கும்.

யூ.பி.எஸ்.ஸை மறந்துவிடாதீர்கள். 600 வி.ஏ. என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்ஸ்தான். கேம் ஓடும்போது கரன்ட் போனால், மானிட்டரையும் சேர்த்துச் சுமக்க முடியாமல் 'பீப்' என்று ஒரு தரம் அழுதுவிட்டுப் படுத்துவிடும்.

தம்பி அடுத்த மாதம் 550 வாட்ஸ் டப்பா வாங்கினார். 12 வோல்ட்டில் 45 ஆம்பியர். பழசை என்ன செய்வது என்று கேட்டார். அதன் முதுகில் 115, 230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருந்தது. அதை வீட்டுச் சின்னப் பயல் 115 பக்கம் தள்ளிவிட்டு நம் ஊர் பிளக்கில் செருகினால் தீபாவளி முன்கூட்டியே வந்துவிடும். கழற்றிப் பார்க்கும் ஆசையும் கூடாது; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். "ஒயரை வெட்டிட்டு எடைக்குப் போட்ரு" என்றேன். கிலோவுக்கு என்ன விலை கிடைத்தது என்று இன்னும் சொல்லவில்லை.