படிக்கல்லிலிருந்து கியூ.ஆர். கட்டம் வரை

கடை வைத்திருப்பவருக்கும் கடைக்கு வருகிறவருக்கும் நடுவில் எப்போதும் நான்கு கேள்விகள் உண்டு. இது என்ன சரக்கு? எவ்வளவு எடை? என்ன விலை? பணம் வந்து சேர்ந்ததா? சிந்துவெளி மக்கள் கன சதுரமாக எடைக்கற்களைச் செதுக்கி வைத்திருந்த நாளிலிருந்து இந்த நான்கு கேள்விகளும் மாறவில்லை. பதில் சொல்கிறவர்தான் மாறிவிட்டார். முன்பு கடைக்காரர் வாய் சொல்லிற்று. இன்று கருவி சொல்கிறது. சித்தூரிலும் திருப்பதியிலும் நாற்பது வருஷமாகப் பாத்திர வியாபாரம் பார்த்தவன் என்ற முறையில், இந்தக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன, எதைத் தருகின்றன, எதைத் தரவில்லை என்று அன்பர்களுக்கு விளக்க முற்படுகிறேன்.

எடை

என் தகப்பனார் காலத்து அளவு வீசையும் பலமும். நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. இன்றைய கணக்கில் ஒரு வீசை ஏறக்குறைய 1,400 கிராம். 1956-ல் எடையளவுச் சட்டம் வந்தது. 1958 அக்டோபர் முதல் படிப்படியாகக் கிலோ நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னதாகவே, 1957 ஏப்ரல் 1-ல், நயா பைசா வந்துவிட்டது. கல்லும் காசும் ஒன்றன்பின் ஒன்றாக மாறியதில் கடைத்தெரு பட்ட பாட்டைப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். இன்று கம்ப்யூட்டரைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அதைவிடப் பெரிய மாற்றத்தை நம் தாத்தாமார்கள் வெறும் மனக்கணக்கை வைத்துக்கொண்டே சமாளித்துவிட்டார்கள்.

கைத்தராசு இரண்டு தட்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி. இரண்டு தட்டையும் பூமி ஒரே மாதிரி இழுப்பதால் எந்த ஊருக்கு எடுத்துப் போனாலும் சரியாகவே காட்டும். எலக்ட்ரானிக் தராசு அப்படியல்ல. தட்டுக்கு அடியில் லோடு செல் என்ற உலோகக் கட்டை ஒன்று இருக்கிறது. அதன்மேல் மெல்லிய கம்பிப் பின்னல் ஒட்டியிருக்கும். பாரம் வைத்ததும் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது, கம்பி நீள்கிறது, அதன் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்தை எண்ணாக்கித் திரையில் காட்டுகிறார்கள். அதாவது பூமி இழுக்கும் விசையைத்தான் அது அளக்கிறது. வெப்பம், தேய்மானம், இடமாற்றம் எல்லாம் அதைப் பாதிக்கும். அதனால்தான் 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி படிக்கல்லுக்கும் கைத்தராசுக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை போட்டால் போதும். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் போட வேண்டும்.

தராசு முன் நிற்கும்போது இரண்டைக் கவனியுங்கள். நிறுக்கும் முன் திரையில் பூஜ்யம் இருக்கிறதா? டப்பாவிலோ அட்டைப் பெட்டியிலோ நிறுத்தால், காலிப் பெட்டியை முதலில் வைத்து ‘டேர்’ பட்டனை அழுத்திப் பூஜ்யம் ஆக்கினார்களா? அழுத்தாவிட்டால் அட்டைப் பெட்டியை மைசூர்பாகு விலைக்கு வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். கருவி பொய் சொல்வதில்லை. ஆனால் கேட்காத கேள்விக்குப் பதிலும் சொல்லாது.

சரக்கு

1974 ஜூன் 26-ல் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்து டிராய் என்ற ஊரில், ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ரிக்லி சூயிங்கம் பொட்டலம் ஒன்றைக் கண்ணாடி மேல் இழுத்தார்கள். பார்கோடு படித்துப் பில் போட்ட முதல் சரக்கு அதுவே. நம் நாட்டுக்கான எண்களைத் தரும் ஜி.எஸ்.1 இந்தியா அமைப்பு 1996-ல் தோன்றியது. அது தரும் எண்கள் 890 என்று தொடங்கும். 890 இருந்தால் சரக்கு இந்தியாவில் செய்தது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. எண்ணை இந்தியாவில் பதிவு செய்தார்கள் என்பதே அதன் பொருள்.

பதின்மூன்று இலக்கத்தில் கடைசி இலக்கம் காவல்காரன். உதாரணத்துக்கு 8901234567890 என்று வைத்துக்கொள்வோம். கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு ஒற்றைப்படை இடங்களைக் கூட்டினால் 8+0+2+4+6+8 = 28. இரட்டைப்படை இடங்களைக் கூட்டினால் 9+1+3+5+7+9 = 34; அதை மூன்றால் பெருக்க 102. இரண்டும் சேர்ந்து 130. அடுத்த பத்தின் மடங்கை எட்ட இன்னும் எவ்வளவு வேண்டும்? ஒன்றும் வேண்டாம், ஆகவே கடைசி இலக்கம் 0. ஏதாவது ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தால் கணக்கு இடறும், கருவி ஏற்றுக்கொள்ளாது. நம் பழைய கணக்குப்பிள்ளைகள் கூட்டலைக் கீழிருந்து மேலாக இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பார்களே, அதே வேலைதான்.

ஆனால் பார்கோடு சரக்கின் பெயரைத்தான் சொல்லும், குணத்தைச் சொல்லாது. எங்கள் தொழிலில் வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். வயதான பெண்கள் வெண்கலப் பானையை விரல் முட்டியால் தட்டி, காதருகே வைத்து நாதம் கேட்டுத்தான் வாங்குவார்கள். அந்தச் சோதனைக்கு இன்னும் கருவி வரவில்லை.

விலை

இப்போது கடைக்கு வருகிறவர் கையில் உலகத்து விலையெல்லாம் இருக்கிறது. எவர்சில்வர் தவலையைக் கையில் பிடித்துக்கொண்டே போனில் அதே தவலையைத் தேடி, “அண்ணா, இதுல நூறு ரூபாய் கம்மியா இருக்கே” என்கிறார்கள். முதலில் எனக்குக் கோபம் வந்தது உண்மை. பிறகு யோசித்துப் பார்த்தேன். விலை தெரியாதவரிடம் கூடுதலாக வாங்குவதைத் திறமை என்று நினைத்த வியாபாரிகள் நம்மில் இருந்தார்கள். போன் அந்தத் திறமைக்கு முடிவு கட்டியது நல்லதே. எங்களுக்கு மிஞ்சியது சொல்லும் வேலை: போட்டோவில் தகட்டின் கேஜ் தெரியாது, அடிப்பாகம் கனமா மெல்லிசா என்று தெரியாது. அதைக் காட்டி விளக்கத் தெரிந்தவர் கடை நிற்கிறது.

கருவியால் நமக்கு ஒரு லாபமும் உண்டு. திருப்பதியில் முன்பு பாத்திரத்தில் தமிழில் பெயர் வெட்டத் தெரிந்த கைகள் குறைவு. ‘ழ’ எழுதச் சொன்னால் ஆசாரி நம் முகத்தைப் பார்ப்பார். இன்றைய இயந்திரத்துக்குத் தெலுங்கும் தமிழும் ஒன்றே. தட்டச்சு செய்தபடி பொறித்துக் கொடுத்துவிடுகிறது.

பணம்

கியூ.ஆர். கட்டத்தை 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா குழுவினர் உருவாக்கினார்கள், கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக. மூன்று மூலைகளில் உள்ள சதுரங்கள் கேமராவுக்குத் திசை காட்டுகின்றன. ஒரே செய்தியை மிகையாக எழுதி வைத்திருப்பதால், மிகக் கூடிய பாதுகாப்பு நிலையில் அச்சிட்டால், 30 சதவீதம் வரை அழிந்தாலும் படித்துவிட முடியும். கல்லாப் பெட்டி மேல் ஒட்டிய கட்டத்தில் குங்குமம் பட்டாலும் பணம் வருவதன் ரகசியம் இதுவே.

2016 ஏப்ரலில் யூ.பி.ஐ. தொடங்கியது. அதே வருஷம் நவம்பர் 8-ல் பெரிய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு கடைத்தெரு அதன் பக்கம் திரும்பியது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் நடந்தன. நாம் கட்டத்தைக் காட்டியதும், வாங்குபவரின் வங்கி, நடுவில் தேசியப் பணக்கொடுப்பு நிறுவனம், கடைக்காரர் வங்கி என்று செய்தி ஓடித் திரும்புகிறது. எங்காவது ஒரு கண்ணி தடுமாறினால், ஒரு பக்கம் பணம் போய்விட்டது என்று காட்டும், மறுபக்கம் வந்திருக்காது. போதாக்குறைக்கு, பணம் கட்டியது போலப் பொய்த் திரை காட்டி ஏமாற்றுகிறவர்களும் கிளம்பினார்கள். அதற்கு மாற்றாகத்தான் பேசும் பெட்டி வந்தது. அது வாங்குபவரின் போனை நம்புவதில்லை. தனக்கென்று வைத்திருக்கும் சிம் வழியாகச் செய்தி வாங்கி, “இத்தனை ரூபாய் வந்தது” என்று உரக்கச் சொல்கிறது. எங்கள் கடைப் பெட்டி தெலுங்கு பேசும்.

ஏழுமலையானும் ரேஷன் கடையும்

நம் பகுதியில் கருவி மிகப் பெரிய அளவில் மக்களைச் சந்திக்கும் இடம் திருமலை. பிரசாதம் வியாபாரச் சரக்கு அல்ல. ஆனாலும் வரிசை, கவுன்டர், ரசீது எல்லாம் உண்டு. 2023 மார்ச் 1 முதல் தேவஸ்தானம் முகம் பார்த்து அடையாளம் காணும் முறையைச் சோதனையாகக் கொண்டுவந்தது. ஒரே ஆள் திரும்பத் திரும்ப லட்டு வாங்குவதையும், தங்கும் அறைக்குக் கட்டிய முன்பணம் வேறு கைக்குப் போவதையும் தடுப்பது நோக்கம். 2024 ஆகஸ்டு இறுதியில், தரிசன டோக்கன் இல்லாதவர்களுக்கு ஆதார் எண்ணைப் பதிந்து லட்டு தரும் முறையும் வந்தது. இடைத்தரகருக்கு இது கசப்பு. வெகுதூரத்திலிருந்து வரும் சாதாரண பக்தருக்கு நிம்மதி.

ரேஷன் கடையில் பாடம் வேறு மாதிரி. ஆந்திரத்தில் 2015 முதல் விரல் ரேகைக் கருவி புழக்கத்துக்கு வந்தது. 2021 தொடக்கத்தில் 9,260 வண்டிகளை விட்டுப் பொருளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார்கள். 2025 ஜூன் 1 முதல் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, மக்கள் மறுபடி கடைக்கே போகும்படி செய்தார்கள். 65 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் மட்டும் வீட்டில் தருவது தொடர்ந்தது. வண்டி வரும் நேரத்தில் கூலி வேலைக்குப் போனவர் வீட்டில் இருக்க மாட்டார். கடை அசையாமல் ஓரிடத்தில் இருப்பதும் ஒரு சேவை என்பதை இதிலிருந்து நான் புரிந்துகொண்டேன்.

ஐந்தாவது கேள்வி

மேலே சொன்ன நான்குக்கும் கருவி பதில் சொல்லிவிடும். ஐந்தாவது ஒன்று உண்டு: தவறு நடந்தால் யார் பதில் சொல்வது?

2022-ல் குடிபாலா பக்கத்திலிருந்து ஒரு பாட்டியம்மா பேரனோடு வந்தார். பேத்தி கல்யாணச் சீருக்குப் பித்தளைக் குடம் எடுத்தார். பேத்தி பெயரைத் தமிழில் பொறித்தோம். பேரன் போனில் பணம் கட்டினான். அவன் திரையில் பச்சை டிக் விழுந்தது. எங்கள் பெட்டி பேசவில்லை. அரை மணி நேரம் நின்றார்கள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிற்று. “பணம் வரலைம்மா, நாளைக்கு வாங்க” என்று சொன்னவன் வேறு யாருமில்லை, நான்தான். அன்று ராத்திரி ஏழு மணிக்குப் பணம் வந்து சேர்ந்தது. அவர்கள் போன் நம்பரை நாங்கள் வாங்கி வைக்கவில்லை.

நான்காம் நாள் அந்த அம்மா தனியாக வந்தார். சுருக்குப் பையை அவிழ்த்து நோட்டுகளைக் கல்லா மேல் வைத்து, “நைனா, பணம் உங்களுக்கு வரலேன்னா இதை எடுத்துக்கோங்க, குடத்தைக் குடுங்க. கல்யாணம் வெள்ளிக்கிழமை” என்றார். நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்து, குடத்தை நானே பஸ் ஸ்டாண்டு வரை தூக்கிப் போனேன். ஆனால் கூச்சம் போகவில்லை.

நான் தமிழ்ச் சமணன். எங்கள் இல்லறத்தார் ஏற்கும் ஐந்து விரதங்களில் ஒன்று கள்ளாமை. அதற்கு நேரும் ஐந்து பிழைகளை உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயம் எண்ணிச் சொல்கிறது: திருடத் தூண்டுவது, திருட்டுப் பொருளை வாங்குவது, அரசின் கட்டளையை மீறுவது, கள்ள அளவு வைப்பது, போலியைக் கலப்பது. அன்று ராத்திரி இவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். என் தராசு சரி, சரக்கு சரி, விலை சரி, கட்டமும் சரி. ஆனாலும் நான்கு நாள் குடமும் என்னிடம் இருந்தது, குடத்தின் பணமும் என்னிடம் இருந்தது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அன்பர்களே சொல்லுங்கள்.

சட்டமும் இதை யோசித்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ல் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கணக்கில் பணம் கழிந்து, கடைக்காரருக்கு உறுதி கிடைக்காத யூ.பி.ஐ. கட்டணத்தை அடுத்த ஐந்து நாட்களுக்குள் தானாகவே திருப்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும். இதைப் பலர் அறியார். அறிந்தால் வங்கியில் தயங்காமல் கேட்கலாம். சாதாரண பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு 2022 மார்ச்சில் யூ.பி.ஐ. 123பே என்ற வசதியும் வந்துவிட்டது. ஆனால் கல்யாணம் வெள்ளிக்கிழமை என்றால் ஐந்து நாள் விதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம் வைத்தோம். கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடக்கும். பெட்டி பேசாவிட்டால் பெயர், ஊர், போன் நம்பர், தொகை எழுதிக்கொண்டு சரக்கைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். “ஏமாத்திட்டுப் போயிட்டா?” என்று என் மகன் கேட்டான். நியாயமான கேள்விதான். எழுதியதில் இரண்டு பேர் பணம் வரவே இல்லை. இரண்டும் சேர்த்து ஆயிரத்துக்கும் குறைவு. அதை விளம்பரச் செலவில் எழுதிக்கொள் என்றேன்.