எக்ஸ்-ரே நார்மல்... ஆனால் விரல் மடங்கவில்லையா? கைக்காயத்தில் கவனிக்க வேண்டியவை!

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டை. சென்னைக்கு வடக்கிலும் மேற்கிலும் விரிந்துகிடக்கும் இந்தத் தொழிற்பகுதிகளில் இரும்பு உருக்கு ஆலை முதல் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை வரை பலவகை வேலைகள் நடக்கின்றன. வேலை எதுவாக இருந்தாலும் இயந்திரத்துக்கு அருகில் முதலில் போவது கைதான். பவர் பிரஸ்ஸில் நசுங்குவது, கன்வேயரில் சிக்குவது, தகட்டில் கிழிவது என முதலில் அடிபடுவதும் அதுவே.

அடிபட்டவர்களில் பலரும் ஒரு எக்ஸ்-ரே எடுக்கிறார்கள். ‘எலும்பு உடையல, நார்மல்தான்’ என்ற பதிலைக் கேட்டதும் நிம்மதியாக வீடு திரும்பிவிடுகிறார்கள். அந்தப் படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டால், பின்னாளில் விரல் மடங்காமல் தவிப்பதைத் தவிர்க்க முடியும்.

கையில் தொடங்கிய எக்ஸ்-ரே!

எக்ஸ்-ரே வரலாற்றில் மிகவும் புகழ்பெற்ற படமே ஒரு கையின் படம்தான். 1895-ம் ஆண்டு டிசம்பர் 22-ம் தேதி, ஜெர்மன் விஞ்ஞானி ரான்ட்ஜன் தன் மனைவி அன்னா பெர்த்தாவின் கையைப் படம் பிடித்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் அதில் பளிச்செனத் தெரிந்தன. தோலும் சதையும் வெறும் நிழலாக மட்டுமே இருந்தன.

இன்றைய எக்ஸ்-ரேயின் பலமும் பலவீனமும் அந்தப் படத்திலேயே இருக்கின்றன. எலும்பும் உலோகமும் தெளிவாகத் தெரியும். விரலை மடக்கும் தசைநாண், உணர்வைக் கடத்தும் நரம்பு, ரத்தக்குழாய் ஆகியவை தெரியாது.

ஒரு கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. இவை ஒன்றன்மீது ஒன்று மறைந்து தெரியும் என்பதால், கையை நேராகவும் சாய்வாகவும் பக்கவாட்டிலும் வைத்துப் படம் எடுப்பார்கள். ஒரு விரலில் மட்டும் அடி என்றால், அந்த விரலைத் தனியாகப் பக்கவாட்டில் எடுப்பது முக்கியம். மற்ற விரல்கள் குறுக்கே விழுந்தால் சிறிய முறிவு கண்ணில் படாது. கைக்கு எடுக்கும் எக்ஸ்-ரேயில் கதிர்வீச்சு மிகக் குறைவு. எனவே, இரண்டு படம் கூடுதலாக எடுக்கச் சொன்னால் பயப்பட வேண்டியதில்லை.

முதல் நாள் படத்தில் மறையும் எலும்பு

நெடுஞ்சாலையில் பைக் சறுக்கி விழுகிறோம். தொழிற்சாலைத் தரையில் எண்ணெய் வழுக்கி விழுகிறோம். விழும்போது உள்ளங்கையைத்தான் ஊன்றுகிறோம். அப்போது உடையக்கூடியது, கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டில் இருக்கும் ‘ஸ்கேபாய்டு’ என்ற சிறிய எலும்பு.

முதல் நாள் எக்ஸ்-ரேயில் இந்த முறிவு தெரியாமல் போவது உண்டு. கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு குழி விழும். அங்கே அழுத்தும்போது வலித்தால், படம் நார்மலாக இருந்தாலும் மருத்துவர் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாள்களில் மீண்டும் படம் எடுக்கச் சொல்வார். சந்தேகத்தை உடனே தீர்க்க எம்.ஆர்.ஐ சிறந்தது. முறிவு எந்தக் கோணத்தில், எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை சி.டி ஸ்கேன் நுணுக்கமாகக் காட்டும்.

இந்த எலும்பின் ஒரு பகுதிக்கு ரத்தம் பின்பக்கமாகச் சுற்றித்தான் வருகிறது. முறிவைக் கவனிக்காமல் விட்டால் ரத்தம் தடைபட்டு, அந்தப் பகுதியே செத்துப்போகலாம். பிறகு கனமான பொருளைத் தூக்கும்போதெல்லாம் மணிக்கட்டு வலிக்கும்.

திருவள்ளூர் பக்கத்தில் அடிபட்டால் எல்லை தாண்டி ஆந்திராவின் புத்தூருக்குக் கட்டுப் போடப் போகும் வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. எங்கு கட்டுப் போடுவதாக இருந்தாலும், முதலில் எக்ஸ்-ரே எடுத்து மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கட்டுப் போட்ட பிறகு விரல் நுனி நீலமாகவோ வெளிறியோ மாறினால், மரத்துப்போனால், வலி ஏறிக்கொண்டே போனால், கட்டு ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது என்று பொருள். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எந்தக் காயத்துக்கு எந்தப் பரிசோதனை?

* தகடு கிழித்து விரல் மடங்கவில்லை: தசைநாண் அறுந்திருக்கலாம். எக்ஸ்-ரே நார்மலாகவே இருக்கும். விரலை அசைக்கச் சொல்லிப் பார்ப்பதே முதல் பரிசோதனை. தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உதவும்.

* ஏதோ குத்தி உள்ளே தங்கிவிட்டது: இரும்புத்தூள் எக்ஸ்-ரேயில் தெரியும். கண்ணாடித் துண்டும் பெரும்பாலும் தெரிந்துவிடும். மரச்சிலாம்பும் பிளாஸ்டிக்கும் தெரியாது. அவற்றைத் தேட அல்ட்ராசவுண்ட் வேண்டும்.

* இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகிறது: அதிரும் கருவிகளைப் பிடிப்பவர்களுக்கும், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்பவர்களுக்கும் மணிக்கட்டில் நரம்பு அழுந்தலாம். இதற்கு நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்வார்கள். அல்ட்ராசவுண்டில் நரம்பு வீங்கியிருப்பதையும் பார்க்கலாம்.

* கிரீஸ் கன், பெயின்ட் கன், ஹைட்ராலிக் குழாய் பீய்ச்சியது: வெளியே ஊசி குத்திய அளவுதான் துளை இருக்கும். முதலில் வலிகூட இருக்காது. ஆனால், எண்ணெயோ பெயின்ட்டோ உள்ளே விரல் நெடுகப் பரவியிருக்கும். இது அவசர அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு மீதி ஷிப்டைப் பார்ப்பது விரலையே இழக்க வைக்கலாம்.

எம்.ஆர்.ஐ எடுக்கப்போகும் தொழிலாளர்கள் மறக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிரைண்டிங், லேத் வேலையில் எப்போதாவது கண்ணில் இரும்புத்தூள் தெறித்திருந்தால், கைக்குத்தானே ஸ்கேன் என்று அதை மறைக்கக் கூடாது. எம்.ஆர்.ஐயின் காந்தம் கண்ணுக்குள் இருக்கும் துகளை நகர்த்திப் பார்வையைக் கெடுத்துவிடும். அதனால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

துண்டான விரலை எப்படிக் கொண்டுபோவது?

முதலில் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். 108-க்கு அழையுங்கள். மற்ற விரல்களில் மோதிரம் இருந்தால், வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

துண்டான பகுதியைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கமாகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். விரலை நேரடியாக ஐஸ்மீது வைத்தால் திசுக்கள் உறைந்து பாழாகிவிடும்.

இப்படிக் குளிர்வித்தால் விரலுக்கு சுமார் 24 மணி நேரம்வரை அவகாசம் கிடைக்கும். குளிர்விக்காவிட்டால் சுமார் 12 மணி நேரம். மணிக்கட்டோடு துண்டானால், அதில் தசை இருப்பதால் அவகாசம் இன்னும் குறைவு. மிகவும் நசுங்கிய விரலை ஒட்டவைக்க முடியாமல் போகலாம். ஆனால், அதை முடிவு செய்ய வேண்டியது அறுவை சிகிச்சை நிபுணர்தான். கையை மட்டுமின்றித் துண்டான பகுதியையும் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தே அவர் முடிவெடுப்பார்.

கைக்கான சிகிச்சையில் தமிழ்நாடு முன்னோடி மாநிலம். வேலூர் சி.எம்.சி-யில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை 1940-களின் இறுதியிலேயே அறுவை சிகிச்சையால் சீரமைக்கத் தொடங்கினார். வடசென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் 1970-களில் டாக்டர் ஆர்.வெங்கடசாமி உருவாக்கிய கை சிகிச்சைப் பிரிவு, இன்று கை ஆராய்ச்சி மற்றும் மறுவாழ்வுக்கான தனி நிலையமாக வளர்ந்திருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை சுமார் 45 கி.மீ தூரம்தான். திருவள்ளூரிலும் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

எக்ஸ்-ரே படம் ஓர் ஆவணமும்கூட!

பணியிடக் காயத்தில் எக்ஸ்-ரேக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. இழப்பீட்டைக் கணக்கிட, 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொடங்கி ஓர் அட்டவணை இருக்கிறது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவிகிதம் இழப்பு. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14. அதில் ஒரு கணு மட்டும் போனால் 9. எலும்பு இழப்பின்றி நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5 என்கிறது அது.

5-க்கும் 9-க்கும் நடுவே நிற்பது எலும்பு. அது எவ்வளவு போயிருக்கிறது என்பதைக் காட்டுவது எக்ஸ்-ரே. எனவே, விபத்தன்று எடுத்த படம், அறுவை சிகிச்சைக்குப் பின் எடுத்த படம், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகிய மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். போனிலும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுபவர்களுக்கு இ.எஸ்.ஐ பாதுகாப்பு உண்டு. பணியிட விபத்தில் தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குச் சம்பளத்தில் 90 சதவிகிதம் கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்திருந்தாலும் இது பொருந்தும். நிரந்தர ஊனம் என்றால், மருத்துவக் குழு மதிப்பிடும் சதவிகிதத்தின்படி மாதாந்தரத் தொகை உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் இந்த உரிமை இருக்கிறது.

அதற்கு இரண்டு விஷயங்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, உங்கள் இ.எஸ்.ஐ எண். மற்றொன்று, தொழிற்சாலையின் விபத்துப் பதிவேட்டில் அன்றே போடப்பட்ட பதிவு. மருத்துவமனையில் ‘வீட்டில் அடிபட்டது’ என்று எழுதச் சொல்லி யார் கேட்டாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு வரி உங்கள் உரிமையையே கேள்விக்குறியாக்கிவிடும்.

வீட்டில் யாராவது இந்தப் பகுதித் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள் என்றால், அவர்களின் இ.எஸ்.ஐ எண்ணை இன்றே கேட்டு எழுதிவையுங்கள். கையில் அடிபட்டு வந்தால், ‘எலும்பு உடைஞ்சிருக்கா?’ என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். ‘எல்லா விரலும் மடங்குதா, நீட்ட முடியுதா, தொட்டா உணர்ச்சி இருக்கா?’ என்றும் கேளுங்கள். ஒரு கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும், எக்ஸ்-ரே நார்மல் என்றாலும், கை அறுவை சிகிச்சை நிபுணரை அன்றே பார்த்துவிடுங்கள்.