ஓரியின் மலைக்கு டாலர் ஏறும் வழி

ஆடி 17, 18 தேதிகளில் கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். அரசு விழா. குதிரை மேல் இருக்கும் ஓரி சிலைக்கு மாலை விழும், மலர்க் கண்காட்சி, வில்வித்தைப் போட்டி எல்லாம் உண்டு. இந்த மலையை ஆண்ட அவன், கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை துளைத்த கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கதை வரும் புறநானூற்றுப் பாட்டிலேயே வன்பரணர் சொல்லும் இன்னொரு செய்தி, காட்டில் எதிர்ப்பட்ட பாணர் கூட்டத்துக்கு அவன் ஊனும் தேறலும் பொன்னும் மணியும் கொடுத்தது. பாடினார்கள், கொடுத்தான். நடுவில் வங்கியும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை.

இன்று தமிழ் மரபுக்குக் கொடை தரும் வசதி உள்ளவர்களில் பலர் கடல் தாண்டி இருக்கிறார்கள். அவர்கள் பணம் எங்கே திரள்கிறது, ஓரியின் மலை போன்ற இடத்துக்கு ஏன் எளிதில் ஏறுவதில்லை?

பெரிய எடுத்துக்காட்டு ஹார்வர்டு தமிழ் இருக்கை. தேவைப்பட்டது 60 லட்சம் டாலர். அமெரிக்காவில் வாழும் மருத்துவர்கள் ஜானகிராமனும் திருஞானசம்பந்தமும் ஆளுக்கு 5 லட்சம் டாலர் தந்து தொடங்கிவைத்தார்கள். தமிழக அரசு 2017-இல் 10 கோடி ரூபாய் அறிவித்தது. பள்ளிப் பிள்ளைகள் முதல் திரைக்கலைஞர்கள் வரை பங்கு போட, 2018-இல் இலக்கு எட்டியது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 40 கோடி ரூபாய். அடுத்து கனடாவில் டொரண்டோ பல்கலைக்கழக இருக்கைக்கு 30 லட்சம் கனடிய டாலர் சேர்ந்தது.

இத்தகைய நிதியில் முதல் தொகையைத் தொடுவதில்லை. அதை முதலீடு செய்து, வருவாயில் ஒரு சிறு பகுதியை மட்டும் ஆண்டுதோறும் செலவிடுவார்கள். பேராசிரியர் ஓய்வு பெற்றாலும் இருக்கை இருக்கும். கொடுப்பவருக்கு அமெரிக்க வருமான வரியில் கழிவும் கிடைக்கும். அதே மனிதர் கொல்லிமலை இருக்கும் நாமக்கல் மாவட்டத்து அமைப்பு ஒன்றுக்கு நேரடியாக அனுப்பினால் அந்தக் கழிவு இல்லை. பணம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு உலகம் கண்ட வழி, கொடுப்பவர்களின் நாட்டிலேயே ஒரு துணை அமைப்பைப் பதிவு செய்வது. சோவியத் உதவி நின்றபின் மங்கோலியாவில் கலைகளுக்கான அரசு ஆதரவு சுருங்கியது. 2002-இல் அங்கே தொடங்கிய கலை மன்றம், அமெரிக்காவில் தனக்கொரு துணை அமைப்பை வைத்துத்தான் நன்கொடை திரட்டியது. ஆனால் வெளிநாட்டில் திரட்டியதை இந்தியாவுக்குள் கொண்டுவர இன்னொரு கதவைத் தாண்ட வேண்டும். அதன் பெயர் எப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்.

1976-இல் வந்து, 2010-இல் புதிதாக எழுதப்பட்டு, 2020-இல் இறுகிய சட்டம் இது. பண்பாட்டுப் பணியும் அதன் வரம்புக்குள் வரும். பதிவு கேட்கும் அமைப்பு மூன்று ஆண்டுகளாவது இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் தன் பணிகளுக்காக 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். பணம் முதலில் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் விழ வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்பு அது 50. எல்லாவற்றையும்விடக் கடுமையானது, வாங்கிய பணத்தை வேறொரு அமைப்புக்குப் பிரித்துத் தரக் கூடாது என்பது. முன்பெல்லாம் சென்னையில் ஒரு பெரிய நிறுவனம் வாங்கி, மலையில் இருக்கும் சிறிய சங்கத்துக்குக் கொஞ்சம் தரலாம். இப்போது அது நடக்காது. கணக்குப்பிள்ளை வைக்க முடியாத ஒரு கூத்துக் குழுவோ மகளிர் குழுவோ இந்த நிபந்தனைகளைத் தாண்டி வரும் என்று நான் நம்பவில்லை. கண்காணிப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இந்தச் சல்லடையில் நிற்பது பெரிய கல் மட்டும்தான்.

கொல்லிமலைக்கு வெளிநாட்டுப் பணம் வரவே இல்லையா? வந்தது. இருக்கைக்காக அல்ல, விதைக்காக. கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை, செந்தினை, பாலாந்தினை, மூக்காந்தினை என்று மலையாளிப் பழங்குடி மக்கள் பேர் வைத்துக் காத்த ரகங்கள் ஏராளம். சமவெளிச் சேகோ ஆலைகளுக்காக மரவள்ளி மேலேறியபோது அவை குறையத் தொடங்கின. இன்னொரு காரணம் உரலும் உலக்கையும். சாமையின் உமியை நீக்குவது இடுப்பொடிக்கும் வேலை, அது முழுக்கப் பெண்கள் தலையில் விழுந்தது. ரேஷன் அரிசி கைக்கு வந்தபின் யார் குத்துவார்கள்?

1990-களில் இருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வேலை செய்தது. சுவிட்சர்லாந்து அரசின் வளர்ச்சி முகமை, 2001 முதல் ஐ.நா.வின் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம், 2011 முதல் 2014 வரை கனடா அரசு என்று உதவி மாறி மாறி வந்தது. விதை வங்கிகள், உமி நீக்கும் இயந்திரங்கள், மகளிர் குழுக்கள் செய்யும் சிறுதானிய மாவு வகைகள் எல்லாம் அப்படி வந்தவைதான். இதில் ஐ.நா. முகமைகளின் பணத்தை எப்சிஆர்ஏ வெளிநாட்டு நன்கொடையாகவே கருதுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது.

இந்தப் பணம் வந்த முறையிலேயே ஒரு குறை இருந்தது. எல்லாம் திட்டப் பணம். மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு, அறிக்கை, முடிவு. ஹார்வர்டுக்கு முதல் தொகை நிரந்தரமாக இருக்கிறது, கொல்லிமலையின் விதை வங்கிக்கு அப்படி ஒன்று இல்லை. சங்கப் பாட்டைக் கற்பிப்பவருக்குக் காலவரையற்ற நிதி, அந்தப் பாட்டில் வரும் தினையை விதைப்பவருக்குக் காலவரையறையோடு நிதி. இரண்டும் தமிழ் மரபுதான். இந்த வித்தியாசம் சரியல்ல என்பது என் எண்ணம்.

சட்டத்துக்குள்ளேயே இரண்டு வாசல் திறந்திருப்பதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியக் குடியுரிமையை விடாதவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தரும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. துபாயில் இந்தியக் கடவுச்சீட்டோடு இருப்பவர் ஊர்ச் சங்கத்துக்குத் தாராளமாக அனுப்பலாம். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அவர் தம்பி அனுப்பினால், கையில் இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். இரண்டாவது, வழக்கமான வியாபாரத்தில் பொருளுக்கும் சேவைக்கும் தரும் விலையோ கட்டணமோ நன்கொடைக் கணக்கில் சேராது. கொல்லிமலைச் சாமையையும் மிளகையும் காப்பியையும் விலை கொடுத்து வாங்கலாம், ஒரு கலைக் குழுவை டொரண்டோ பொங்கல் விழாவுக்குச் சம்பளம் பேசி அழைக்கலாம். மலைக்கு இப்போதைக்கு நிலையாக ஏறக்கூடிய வெளிநாட்டுப் பணம் இந்த வழியில் வருவதுதான்.

ஆகவே அயலகத்தில் உள்ள உறவினர் யாராவது மரபைக் காக்கப் பணம் தருகிறேன் என்று சொன்னால், அவரிடம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால், பணம் பெறப்போகும் அமைப்பின் எப்சிஆர்ஏ பதிவு எண்ணையும் தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கையும் வாங்கிப் பார்க்காமல் ஒரு டாலரும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள்.