நூறு கிராம் வாடிக்கையாளரும் விலைவாசியும்

மாதக் கடைசி வாரத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் கல்லாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும், விலைவாசி எந்த நிலையில் இருக்கிறது என்பது விளங்கிவிடும். முதல் வாரத்தில் ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்கிய அதே அம்மா, இருபதாம் தேதிக்கு மேல் "அண்ணாச்சி, நூறு பருப்பு, பத்து ரூபாய்க்குப் புளி" என்று நிற்கிறார். விலை ஏறிவிட்டதே என்று நம்மிடம் வாதாடுவதுகூட இல்லை. அளவைக் குறைத்துக் கொள்கிறார், அவ்வளவுதான்.

இரும்புலியூர் எப்படிப்பட்ட ஊர் என்பது நம் வட்டாரத்து உறுப்பினர்களுக்குத் தெரியும். ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து மதுரவாயல் புறவழிச்சாலை பிரியும் இடம். (சாலை ஜி.எஸ்.டி. பழையது, வரி ஜி.எஸ்.டி. 2017-ல் வந்தது. இரண்டிலும் நெரிசல் உண்டு.) கட்டட வேலைக்குப் போகிறவர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், தாம்பரம் ஏற்றுமதி வளாகத்தில் ஒப்பந்தக் கூலிக்கு வேலை பார்ப்பவர்கள் இங்கே ஒற்றை அறை வாடகை வீடுகளில் குடியிருக்கிறார்கள். தாம்பரம் 2021 நவம்பரில் மாநகராட்சி ஆனது. ஊருக்கு அந்தஸ்து கூடியதும் வாடகையும் கூடியது.

அரசு வெளியிடும் தொழிலாளர் விலைக் குறியீட்டு எண்ணைப் பத்திரிகையில் பார்க்கிறோம். 2001-ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய குறியீட்டில் உணவுக்குத் தந்த பங்கு நூற்றுக்கு 46.2. 2016 அடிப்படைக்கு மாறியபோது அது சுமார் 39 ஆனது. நாடு முழுவதற்கும் சராசரி எடுத்தால் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் நூறு கிராம் பருப்பு வாங்குகிறவரின் வீட்டில் செலவு அப்படிப் பிரிவதில்லை. வாடகையும் வீட்டுக்காரர் கேட்கும் மின்சாரக் காசும் முதல் தேதியிலேயே போய்விடும். 2023 மார்ச்சில் சென்னையில் சமையல் எரிவாயு உருளை 1,118 ரூபாய் 50 காசுக்கு விற்றதே, அந்த மாதம் நம் கணக்கு நோட்டில் பாக்கிப் பக்கம் எவ்வளவு நீண்டது என்று பழைய நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் ஒரு விசேஷம் உண்டு. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசம். 2007-ல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. ஆகவே அட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு விலையேற்றம் அரிசியில் பெரிதாகத் தெரியாது. ரேஷனில் தரும் ஒரு கிலோ பருப்பும் ஒரு லிட்டர் எண்ணெயும் தீர்ந்த பிறகு நம் கடைத் தட்டில்தான் தெரியும்: பருப்பு, எண்ணெய், மிளகாய், புளி, சோப்பு. 2024 மே மாதம் ரேஷன் கடைகளில் பருப்பும் பாமாயிலும் வந்துசேரத் தாமதமானபோது, அந்தக் கூட்டம் அப்படியே நம் கடைகளுக்குத் திரும்பியதை மறந்திருக்க மாட்டோம். அட்டை இல்லாத வடமாநிலத் தொழிலாளிக்கோ அரிசி விலையும் சுமைதான். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. ஆனாலும் நம்மிடம் சிப்பம் அரிசி கேட்டு வருகிறவர்கள் குறையவில்லை.

இந்தச் சரக்குகளின் விலையை நாம் நிர்ணயிக்கிறோமா? கல்புர்கியில் மழை பொய்த்தால் துவரை விலை ஏறுகிறது. பர்மாவில் உளுந்து விளைச்சல் குறைந்தால் இட்லிக்கடைக்காரர் நம்மிடம் கோபிக்கிறார். 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்திவிட்டு மே 23-ல் மீண்டும் திறந்தது. 2024 செப்டம்பர் 14 முதல் மத்திய அரசு சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை 20 சதவீதப் புள்ளி உயர்த்தியது. தீபாவளிப் பலகாரம் சுடும் நேரத்தில் பாக்கெட் விலை ஏறியது. பழி வந்தது கடைக்காரருக்கு. 2024 ஜூனில் துவரைக்கும் கொண்டைக்கடலைக்கும் இருப்பு வரம்பு விதித்தார்களே, சில்லறைக் கடைக்கு ஐந்து டன். அதாவது 50 கிலோ மூட்டை நூறு. நம் தெருக் கடைகளில் நூறு மூட்டை அடுக்க இடம் இருந்தால் நாம் ஏன் தெருக் கடை நடத்துகிறோம்?

இதெல்லாம் நியாயமான புகார்கள். ஆனால் நம் கையில் இருக்கும் ஒரு விஷயத்தையும் பேசியாக வேண்டும். எடுத்துக்காட்டாகப் பருப்பு கிலோ 160 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு கிராம் 16 ரூபாய். பல கடைகளில் 18 வாங்குகிறோம். கிலோ கணக்கில் 180 ஆகிவிட்டது. எட்டில் ஒரு பங்கு அதிகம். நாள்தோறும் நூறு கிராம் வாங்கும் குடும்பம் மாதம் 60 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறது. கையில் பணம் உள்ளவர் கிலோவாக வாங்கிக் குறைவாகக் கொடுக்கிறார். இல்லாதவர் அதிகம் கொடுக்கிறார். பொட்டலத்துக்கு உறை, நேரம், சிந்தல் செலவு உண்டு என்று உறுப்பினர்கள் சொல்வது வாஸ்தவமே. உறைக்கு ஐம்பது காசு என்றே வைத்துக்கொள்வோம். மீதி ஒன்றரை ரூபாய்க்கு என்ன கணக்குச் சொல்வது?

உதிரியாக விற்பதில்தான் நமக்குப் பெரிய பலம். 2022 ஜூலை 18 முதல், பெயர் அச்சிட்டுக் கட்டிய 25 கிலோ வரையிலான அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத வரி வந்தது. உதிரியாக நிறுத்துக் கொடுத்தால் அந்த வரி இல்லை. 26 கிலோ அரிசிச் சிப்பம் சந்தைக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததே. 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டையாகக் கொள்முதல் செய்து நிறுத்து விற்கும் கடைக்காரர், அந்த 5 சதவீதத்தை வாடிக்கையாளருக்கு விட்டுக் கொடுக்க முடியும்.

எண்ணெயில் அந்த வசதி இல்லை. 1998-ல் டில்லியில் கலப்படக் கடுகெண்ணெயால் பலர் மாண்ட பிறகு, எண்ணெயை உதிரியாக விற்கச் சட்டம் தடை போட்டுவிட்டது. அந்தத் தடை தேவையானதே. ஆனால் பாக்கெட்டில் விலை மாறாமல் எடை குறையும் தந்திரத்தை நாம் வாடிக்கையாளருக்குச் சொல்லலாம். கிலோவுக்கு அல்லது கிராமுக்கு என்ன விலை என்று பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்ற விதி வந்தது. கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில் அது இருக்கிறது. பையனை விட்டுப் படிக்கச் சொல்லி, இரண்டு கம்பெனிச் சரக்கில் எது மலிவு என்று எடுத்துச் சொல்லும் கடைக்கு அந்த அம்மா நிச்சயம் திரும்பி வருவார்.

2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கிய பின், மாத நடுவில் ஆயிரம் ரூபாய் கிடைக்கும் வீடுகளில் பாக்கி ஓரளவு அடைபடுவதைப் பார்க்கிறோம். பலர் பாக்கியைத் தீர்த்த கையோடு அரைக் கிலோவாக வாங்குகிறார்கள். அடுத்த கூட்டத்தில் நாம் வைக்கப்போகும் யோசனை இதுதான்: கரும்பலகையில் கிலோ விலைக்குப் பக்கத்திலேயே நூறு கிராம் விலையும் எழுதுவோம். பத்தால் வகுத்து, உறைக்கு ஐம்பது காசு சேர்த்து. கணக்கு ஒத்துவராத உறுப்பினர்கள் தங்கள் கொள்முதல் சீட்டோடு வந்து பேசலாம்.