ஸ்மோக்கி மலையில் கூடாரமும் தூண்டிலும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்கே, டென்னசி, வட கரோலினா என்னும் இரு மாநிலங்களுக்கும் எல்லையாக நீண்டு கிடக்கும் மலைமுகட்டையும், அதன் இரு சரிவுகளிலும் அடர்ந்து பரவிய ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட வனத்தையும் சேர்த்துக் கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்கா என்று வழங்குகிறார்கள். ஆண்டொன்றுக்கு ஒரு கோடிக்கும் அதிகமான தடவை ஜனங்கள் வந்து போகும் இடம் அது. அந்நாட்டின் தேசியப் பூங்காக்களுள் இவ்வளவு கூட்டத்தை ஈர்ப்பது வேறொன்றில்லை. வருகிறவர்களில் மிகப் பலர் காரில் சுற்றிச் சிகரங்களைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடுகிறார்கள். குழந்தைகளை அழைத்துக்கொண்டு, ஒரு கூடாரத்தோடும் ஒரு சிறு தூண்டில் கோலோடும் சென்று, ஓடைக்கரையில் இரண்டு மூன்று இரவுகளேனும் தங்குகிறவர்களுக்கே அந்த மலையின் வாழ்வு விளங்கத் தொடங்குகிறது. அங்கே கூடாரம் அடிப்பதற்கும் மீன் பிடிப்பதற்கும் விதிகள் பல உண்டு. காரணம் அறியாதவர்களுக்கு அவை சுமையாகத் தோன்றலாம். அந்த மலை எவ்வெவ்வாறு புண்பட்டது என்பதை அறிந்தவர்களுக்கோ, அவற்றுள் முக்கியமானவை ஒவ்வொன்றும் ஒரு பழைய இழப்பிலிருந்தோ, நேர இருக்கும் ஓர் இழப்பைத் தடுக்கும் நோக்கத்திலிருந்தோ பிறந்தது என்பது புலப்படும். அந்த அறிவோடு செல்லும் குழந்தைகளுக்கு இன்பம் குறைவதில்லை, இரட்டிக்கிறது என்பதே என் துணிபு.

மலையின் செல்வம் முதற்கண் அதன் ஜலந்தான். பள்ளத்தாக்குகளில் ஆண்டுக்குச் சுமார் 55 அங்குலமும், உயர்ந்த சிகரங்களில் 85 அங்குலமும் மழை பெய்கிறது. 6,643 அடி உயரமுள்ள குவோஹி சிகரத்தின் சுற்றுப்புறத்திலிருந்தும், அதனோடு தொடர்ந்த முகடுகளிலிருந்தும், இந்த மழைநீர் ஆயிரம் கிளைகளாகப் பிரிந்து, பாசி படர்ந்த பாறைகளின்மீது தாவியும், மடுக்களில் சற்றே தங்கியும் கீழிறங்குகிறது. பூங்காவின் எல்லைக்குள் ஓடும் ஓடைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் 2,000 மைலுக்கும் அதிகமாகும். குளிர்ந்த, தெளிந்த, பிராணவாயு நிறைந்த நீரன்றி வேறெங்கும் தழைக்காத டிரௌட் மீனுக்கு இதைவிட உகந்த வாசஸ்தலம் கிடைப்பது அரிது.

குடும்பத்தோடு தங்குவதற்கு ஏற்ற முகாம்கள் பல இருக்கின்றன. டென்னசி பக்கத்தில் எல்க்மான்ட், கேட்ஸ் கோவ், காஸ்பி ஆகியவையும், வட கரோலினா பக்கத்தில் ஸ்மோக்மான்ட், டீப் கிரீக், கேட்டலூச்சி ஆகியவையும் கார் செல்லும் சாலையை ஒட்டியே அமைந்தவை. மூட்டையைத் தோளில் சுமந்து மைல்கணக்கில் நடக்க வேண்டியதில்லை. கூடாரம் அடிக்கச் சமன்செய்த இடம், உண்பதற்கு ஒரு மேஜை, தீ மூட்ட இரும்புச் சட்டம், பொதுவான கழிப்பறை, குடிநீர் ஆகியவை உண்டு. வெந்நீர்க் குளியலறையும் மின்சாரமும் அங்கே எதிர்பார்க்கத் தக்கவை அல்ல. ஓரிடத்தில் ஆறு பேருக்கு மேல் தங்க அனுமதியில்லை. கோடை மாதங்களிலும், இலைகள் நிறம் மாறும் அக்டோபரிலும் இடங்கள் வெகு சீக்கிரம் நிரம்பிவிடுவதால், மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்வது விவேகம். பூங்காவுக்குள் நுழையக் கட்டணமில்லை. 2023 முதல், கால் மணிக்கு மேல் ஓரிடத்தில் வாகனத்தை நிறுத்துகிறவர்கள் அதற்கான சீட்டு வாங்க வேண்டும். பகல் எவ்வளவு வெதுவெதுப்பாக இருந்தாலும் மலையில் இரவு குளிரும். ஆகவே குழந்தைகளுக்குக் கம்பளி உடையும் மழைக்கான மேலாடையும் இன்றியமையாதவை.

இம்முகாம்களுள் எல்க்மான்டின் பூர்வகதை கேட்கத் தக்கது. இன்று கூடாரங்கள் வரிசையாக நிற்கும் அந்தப் பள்ளத்தாக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லிட்டில் ரிவர் மரக் கம்பெனியாரின் மரவெட்டுக் குடியிருப்பாக இருந்தது. மலையிடுக்குகளுக்குள் ரயில் பாதை போட்டு, நூற்றாண்டுகளாக வளர்ந்து நின்ற விருட்சங்களை வெட்டி வெட்டி அவர்கள் இறக்கினார்கள். அவர்கள் மட்டுமல்லர், இன்று பூங்காவாக விளங்கும் நிலத்தின் பெரும்பகுதி இவ்வாறு பல கம்பெனிகளின் கோடரிக்கு இரையாயிற்று. நிழல் போனதால் ஓடைநீர் வெப்பமடைந்தது. மண் பிடிப்பு விட்டதால் சேறு கரைந்து வந்து, மீன்கள் முட்டையிடும் கூழாங்கல் படுகைகளை மூடியது. வெட்டியெறிந்த கிளைகள் உலர்ந்து காட்டுத்தீக்கு விறகாயின. இந்த அழிவைக் கண்டு மனம் பதைத்த பொதுமக்களும், இரு மாநில அரசாங்கங்களும், ஐம்பது லட்சம் டாலர் வழங்கிய ராக்பெல்லர் குடும்பத்தின் அறநிதியும் சேர்ந்து நிலத்தைத் துண்டு துண்டாக விலைக்கு வாங்கியதன் பயனாக, 1934-ஆம் ஆண்டில் இந்தத் தேசியப் பூங்கா உருவாயிற்று. ஆகவே, அங்கே குழந்தைகள் இன்று அண்ணாந்து பார்க்கும் வனத்தில் பெரும்பகுதி, ஒரு தலைமுறை வெட்டியதை அடுத்த தலைமுறை வளரவிட்டதால் மீண்டு வந்த வனமே.

இனி மீனுக்கு வருவோம். இவ்வோடைகளில் மூவகை டிரௌட் வாழ்கின்றன. மலைக்கே உரிய ஆதிக்குடி புரூக் டிரௌட் ஒன்றுதான். அதன் கரும்பச்சை முதுகில் புழு நெளிந்தாற்போன்ற வெளிறிய கோடுகளும், விலாவில் நீல வளையம் சூழ்ந்த செம்புள்ளிகளும், அடித்துடுப்புகளின் முன்விளிம்பில் பால்போன்ற வெண்கோடும் இருக்கும். ஒன்பது அங்குலத்துக்கு மேல் வளர்வது அபூர்வம். விலாவில் இளஞ்சிவப்புப் பட்டையும் உடலெங்கும் கரும்புள்ளிகளும் கொண்ட ரெயின்போ டிரௌட், பசிபிக் சமுத்திரக் கரையோரத்து நதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டது. மஞ்சள் பாய்ந்த பழுப்பு நிறமுள்ள பிரௌன் டிரௌட் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தது. மரவெட்டினால் மீன் குறைந்ததைக் கண்டு, ஓடைகளை மறுபடியும் மீனால் நிரப்ப வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு மனிதர்கள் அயல்மீன்களை விட்டார்கள். வந்த ரெயின்போ வேகமாகப் பெருகி, இடத்துக்கும் இரைக்கும் போட்டியிட்டு, புரூக் டிரௌட்டை உயரத்துக்கு உயரம் விரட்டியது. இவ்விரு காரணங்களாலும் புரூக் டிரௌட் தன் பழைய வாழிடத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை இழந்துவிட்டது. இன்று அதைக் காண விரும்புகிறவர், சிகரங்களுக்கு அண்மையில் உள்ள குறுகிய ஓடைகளுக்கு ஏறிச் செல்ல வேண்டும். நம் நீலகிரியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் விளையாட்டுக்காகக் கொணர்ந்து, அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைத்து வளர்த்தது இதே ரெயின்போ டிரௌட்தான். ஓர் ஆற்றில் புதிய மீனை விடுவது எளிது, விட்டதைத் திரும்ப எடுப்பது மிகக் கடினம் என்னும் பாடம் எந்த நாட்டு மலைக்கும் பொதுவானது.

குழந்தைக்கு டிரௌட் பிடிக்கக் கற்பிப்பது, ஓடையைப் பார்க்கக் கற்பிப்பதிலிருந்து தொடங்குகிறது. இந்த மீன் நீரோட்டத்தை எதிர்த்து, மேற்புறம் நோக்கியே நிற்கும்; வெள்ளம் சுமந்துவரும் பூச்சியை அங்கே காத்திருந்து கவ்வும். ஆதலால் தூண்டில்காரர் கீழ்ப்புறத்திலிருந்து, மங்கிய நிற உடையோடு, குனிந்து மெல்ல மேலேறி வர வேண்டும். நிழல் நீரில் விழுந்தாலே மீன் பாறைக்கடியில் மறைந்துவிடும். பெரிய பாறையின் பின்னால் வேகம் தணியும் சிறு மடு, இரு நீரோட்டங்கள் கூடும் விளிம்பு, சிற்றருவி விழுந்து நுரைக்கும் குழி ஆகியவை அது நிற்கும் இடங்கள். சிறிய ஓடையில் நெடுந்தூரம் நூல் வீச வேண்டியதில்லை; குட்டையான கோலும், கோலின் நீளத்துக்குச் சற்று அதிகமான நூலும், இறகும் பட்டும் கட்டிச் செய்த ஒரு செயற்கை ஈயும் போதும். அந்த ஈயை மடுவின் தலைமாட்டில் இட்டு, நீர் தன் போக்கில் அதைக் கொண்டுவர விட்டுவிட வேண்டும். ஒரு கூழாங்கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சிப்புழுக்களைப் பிள்ளைக்குக் காட்டினால், அந்த ஈ எதைப் போலச் செய்யப்பட்டது என்பதை அது தானே கண்டுகொள்ளும். காட்டியபின் அந்தக் கல் இருந்த இடத்திலேயே, இருந்த வண்ணமே இருக்க வேண்டும். கல்லை நகர்த்துவதும், அணை கட்டி விளையாடுவதும் அங்கே குற்றம். முப்பது வகைக்குக் குறையாத சாலமாண்டர்கள் வாழும் மலை அது. இரண்டடி நீளம் வளரும் ஹெல்பெண்டர் என்னும் பெருஞ்சாலமாண்டர், ஓடையின் தட்டைப் பாறைகளுக்கு அடியிலேதான் முட்டையிட்டுக் காவல் இருக்கிறது. ஒரு பாறை புரளும்போது ஒரு குடும்பமே புரள்கிறது.

மீன்பிடி விதிகளும் இவ்வாறே காரணம் உடையவை. ஆண்டு முழுவதும் மீன் பிடிக்கலாம். டென்னசி அல்லது வட கரோலினா உரிமச் சீட்டு ஒன்று இருந்தால், அது பூங்கா முழுவதற்கும் செல்லும். டென்னசியில் 13 வயதுக்கும், வட கரோலினாவில் 16 வயதுக்கும் உட்பட்ட பிள்ளைகளுக்கு உரிமம் தேவையில்லை. ஒற்றை முள் கொண்ட செயற்கை ஈ அல்லது செயற்கை இரை மட்டுமே அனுமதி. மண்புழுவும் சோளமும் பாலாடைக்கட்டியும் கூடா. உண்மை இரையை மீன் ஆழமாக விழுங்கிவிடும். அப்புறம் உயிருக்குத் தீங்கில்லாமல் முள்ளை எடுக்க இயலாது. செயற்கை ஈயோ பெரும்பாலும் உதட்டோரத்திலேயே தைக்கிறது. ஏழு அங்குலத்துக்குக் குறைந்த டிரௌட்டைத் திரும்ப விட்டுவிட வேண்டும். ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்து மீனுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. விடுகிற மீனை ஈரக்கையால் பிடிக்க வேண்டும் என்பதைப் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உலர்ந்த கை பட்டால், நோயிலிருந்து அதைக் காக்கும் வழுவழுப்பான மேற்பூச்சு கலைந்துபோகும்.

முகாமிலும் ஜாக்கிரதை வேண்டும். பூங்காவில் சுமார் 1,900 கருங்கரடிகள் சஞ்சரிக்கின்றன. அவை இயல்பாக மனிதனை நாடி வருவன அல்ல. ஆனால், மேஜைமேல் விட்டுப்போன ரொட்டியின் சுவை ஒரு முறை கண்ட கரடி மீண்டும் மீண்டும் வரும், அச்சம் விட்டுப்போகும், முடிவில் அதன் உயிருக்கே அது உலையாகும். அதனால்தான் உணவையும், சமைத்த பாத்திரத்தையும், பற்பசையையுங்கூட ஜன்னல் மூடிய காருக்குள் வைக்கச் சொல்கிறார்கள். கரடியிடமிருந்து ஐம்பது கஜத்துக்குக் குறையாத தூரத்தில் நிற்பது சட்டம். வெளியிலிருந்து விறகு கொண்டுவருகிறவர், பூச்சி சாகுமாறு சூடேற்றப்பட்டதென்று சான்று பெற்றதையே கொண்டுவரலாம். அயல்நோய் ஒன்று அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்களை அம்மலையிலிருந்து ஏறத்தாழ ஒழித்துவிட்டது. ஓடைகளுக்கு நிழல் தந்து குளிர்ச்சி காத்த ஹெம்லாக் மரங்களை இன்று ஆசியாவிலிருந்து வந்த ஒரு நுண்பூச்சி உறிஞ்சிக் கொல்கிறது. ஹெம்லாக் சாய்ந்தால் வெயில் நீரில் விழும். நீர் சுட்டால் புரூக் டிரௌட் வாழாது. விறகுக்கும் மீனுக்கும் உள்ள இந்தத் தொடர்பை எடுத்துச் சொன்னால், பத்து வயதுக் குழந்தையும் விளங்கிக்கொள்ளும். ஓடையில் இறங்குவதில் தாய்தந்தையர் ஒருபோதும் அசட்டையாக இருத்தலாகாது: பாசிப்பாறை வழுக்கும், மேலே எங்கோ பெய்த மழையால் நீர் திடீரென்று உயரும். சிறுவர்கள் பெரியவர்களின் கை எட்டும் தூரத்திலேயே நிற்க வேண்டும்.

இழந்ததை மீட்கும் முயற்சியும் அங்கே நடந்துவருகிறது. இயற்கையான நீர்வீழ்ச்சி ஒன்று அரணாக நின்று, கீழிருந்து ரெயின்போ ஏறிவராதபடி தடுக்கும் ஓடைகளைத் தேர்ந்தெடுத்து, அரணுக்கு மேலுள்ள அயல்மீன்களை அகற்றி, புரூக் டிரௌட்டை மறுபடியும் குடியேற்றுகிறார்கள். லின் கேம்ப் பிராங் என்ற ஓடையில் 2008-இல் தொடங்கிய பணி பலித்து, 2015-இல் அவ்வோடை தூண்டில்காரருக்குத் திறந்துவிடப்பட்டது. அதற்கு முன்பே பூங்காவினர் இன்னொரு பெரிய பொறுமையைக் காட்டியிருந்தார்கள். அயல்மீன்களை விடுவதை 1970-களில் நிறுத்தியதோடு, அதே காலந்தொட்டு 2006 வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், புரூக் டிரௌட் பிடிப்பதையே விலக்கி வைத்தார்கள். அளவோடு பிடிப்பதால் அதன் தொகை குறையவில்லை என்று ஆராய்ந்து தெளிந்த பிறகே அந்தத் தடையை நீக்கினார்கள்.

ஆகவே இன்று ஒரு சிறுமி அந்த மலையோடையில் ஏழு அங்குல புரூக் டிரௌட் ஒன்றைத் தன் தூண்டிலால் பிடிக்கிறாள் என்றால், அவள் பிறப்பதற்கு முன்பே பலர் தம் தூண்டிலை மடக்கி வைத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். அந்த மீனை அவள் உப்பும் மிளகும் தடவி உண்ணலாம், அல்லது நீரிலேயே விட்டுவிடலாம். இரண்டும் அவளுக்கு உரிமை. அந்த உரிமை எவருடைய பொறுமையால் தனக்குக் கிட்டியது என்பதை மட்டும் அவள் அறியாமல் இருக்கலாகாது. அதை அறிவிப்பது பெற்றோர் கடமை. கூடாரத்துக்கும் கோலுக்கும் செலவிடும் சிரத்தையில் சிறிது பாகத்தை இதற்கும் செலவிட்டால், விதிகளை அவள் காவலருக்கு அஞ்சிப் பின்பற்ற மாட்டாள், தன்னுடையவை என்று எண்ணியே பின்பற்றுவாள். தனக்குப் பின் வரும் குழந்தைக்காக ஓர் ஓடையை விட்டுவைக்க வேண்டிய காலம் வந்தால், அப்போது அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிராது.