ஒரு வேடமும் ஒரு வாழ்வும்

காவியம் படிப்போர் ஒவ்வொருவரும் அதிலே வரும் மாந்தருக்குத் தத்தம் மனத்தகத்தே ஓர் உருவம் வரைந்து கொள்வர். நம் உள்ளத்திலிருக்கும் சீதைக்கும் அடுத்த வீட்டார் உள்ளத்திலிருக்கும் சீதைக்கும் முகம் ஒன்றாய் இராது. ஆதலால், அவ்வேடம் தாங்கி அரங்கிலே தோன்றும் பெண்ணைக் கண்டு, "இவளா சீதை?" என்று முகஞ்சுளிப்போரே பலராவர். கோடிக்கணக்கான மக்கள் ஒருமுகமாக, "ஆம், இவளே அவள்" என்று ஒப்புக்கொள்வது அருமையினும் அருமை. அத்தகைய பேறு சீன தேசத்திலே ஒரு நடிகைக்கு வாய்த்தது. அவர் பெயர் சென் சியாவ்சு. அப்பேற்றோடு ஒரு சுமையும் அவரை வந்தடைந்தது.

செம்மாளிகைக் கனவு

சீன இலக்கியத்தின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்று ‘செம்மாளிகைக் கனவு’. 18ஆம் நூற்றாண்டிலே சாவ் சுயேச்சின் என்பார் இயற்றியது. ஜியா என்னும் பெருங்குடியின் செல்வச் சிறப்பையும் சரிவையும் அது விரித்துரைக்கின்றது. அக்குடியின் செல்லப்பிள்ளை பாவ்யூ. தாயை இழந்து பாட்டியார் மனையிலே வந்து வளரும் அவனுடைய அத்தை மகள் லின் தாய்யூ. நோயினால் மெலிந்த உடல். கவி பாடும் உள்ளம். ஒரு சொல்லிலே புண்பட்டுவிடும் மானவுணர்ச்சி. உதிர்ந்த மலர்கள் சேற்றிலே கிடந்து அழியலாகாதென்று அவற்றைச் சேர்த்து மண்ணிலே புதைத்துக் கண்ணீர் சொரியும் பெண் அவள். மாமன் மகன்மேற் கொண்ட காதல் கைகூடாமலே இளமையில் மடிகின்றாள். இருநூறு ஆண்டுகளாகச் சீன வாசகர் அவளுக்காக அழுது வந்திருக்கின்றனர்.

இந்நாவலைத் தொலைக்காட்சித் தொடராக்கும் பொறுப்பு 1980களின் தொடக்கத்தில் வாங் ஃபூலின் என்னும் நெறியாளரிடம் வந்தது. புகழ் பெற்ற நடிகரை அவர் தேடிச் செல்லவில்லை. நாடெங்கும் அறிவித்து, பெரும்பாலும் புதுமுகங்களையே தேர்ந்தெடுக்க முற்பட்டார்.

அஞ்சலில் வந்த நம்பிக்கை

சீனத்தின் வடகிழக்கே, லியாவ்னிங் மாகாணத்திலே, அன்ஷான் என்றொரு நகர் உண்டு. இரும்புக்கும் உருக்குக்கும் பெயர் போன ஆலை நகர் அது. அங்கே கலைக் குடும்பமொன்றில் 1965இல் பிறந்தவர் சியாவ்சு. பதினான்கு வயதிலே உள்ளூர் நாடகக் குழுவிற் சேர்ந்தார். தொடருக்கு நடிகர் தேவை என்ற செய்தி அவருக்கு எட்டியபோது வயது பதினெட்டளவே. சிபாரிசு செய்ய ஆளில்லை. ஆயினும் அவர் நெறியாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் புகைப்படத்தையும், தாமே புனைந்த கவிதையொன்றையும் அதனுடன் சேர்த்து அனுப்பினார். கவிதை பாடும் பெண்ணாக நடிக்க விரும்பியவர், தமக்கும் கவிதை வரும் என்று காட்டிய முறை எத்துணை நயமுடையது!

பெய்ஜிங்கிற்கு அழைப்பு வந்தது. தேர்வின்போது, வேறு வேடம் கொடுத்தால் நடிப்பாயா என்று நெறியாளர் வினவினாராம். தாம் வேறொருத்தியாக நடித்தால், தாய்யூ அல்லவா அவ்வேடத்தில் நடிக்கிறாள் என்று சனங்கள் சொல்லுவார்கள் என்றாராம் அந்நங்கை. இதனைச் செருக்கென்பார் உளர். அந்நாவலிலே ஊறித் திளைத்த மனத்தின் உறுதி என்பதே எமது கருத்து.

தேர்வு பெற்றவர்கள் 1984இல், பெய்ஜிங்கின் பழைய அரச பூங்காவாகிய யுவான்மிங்யுவானிலே தங்கிப் பயின்றனர். அறிஞர்கள் அவர்களுக்கு நாவலைப் பாடஞ் சொல்லினர். அக்காலத்து மேன்மக்கள் நடந்த விதம், அமர்ந்த விதம் முதலியனவும், யாழ், சதுரங்கம், எழுத்தணி, ஓவியம் ஆகிய கலைகளும் கற்பிக்கப்பட்டன. பின்னர்ப் படப்பிடிப்பு ஏறக்குறைய மூன்றாண்டுகள் நடந்தது. நாவலிலே வரும் பெரும்பூங்காவைப் போலவே ஒரு பூங்காவைப் பெய்ஜிங் நகரில் அமைத்தனர். வாங் லிபிங் என்னும் இசைவாணர் பாடல்களுக்கு இசையமைக்க நான்காண்டுகள் உழைத்தார். 36 பகுதிகளைக் கொண்ட தொடர் 1987இல் ஒளிபரப்பாயிற்று. மலர் புதைக்கும் காட்சியிலே அந்த மெல்லிய முகத்தைக் கண்ட மக்கள், தாம் மனத்தில் வரைந்திருந்த தாய்யூவை அழித்துவிட்டு இவரை அங்கே அமர்த்திக் கொண்டனர்.

வேடத்தின் நிழல்

வேடத்தை ஏற்பது அரிது. இறக்கி வைப்பது அதனினும் அரிது. 1988இல் பா ஜின் என்னும் எழுத்தாளரின் நாவல்களைத் தழுவிய தொடரொன்றில் சியாவ்சு நடித்தார். அங்கும் அவருக்குக் கிடைத்தது, காதல் நிறைவேறாது வாடி மடியும் உறவுப் பெண்ணின் வேடமே. மக்கள் அவரிடம் மீண்டும் மீண்டும் தாய்யூவையே தேடினர். அவர் மெல்ல நடிப்பினின்றும் விலகினார்.

விலகியவர் மூலையிற் சோர்ந்து கிடந்தாரல்லர். விளம்பரத் தொழிலிலே புகுந்து, சொந்தமாக ஒரு தாபனத்தை நிறுவி, அதன் தலைவியாகி வளமுடன் விளங்கினார். மலர் புதைத்த கை கணக்கேடு புரட்டுவதா என்று வியந்தவர்கள், நடிகை வேறு, பாத்திரம் வேறு என்பதனை மறந்தவர்களே.

பிற்காலத்தில் அவர் உள்ளம் புத்த தர்மத்தின்பாற் சென்றது. இதனிடையே மார்பகப் புற்றுநோய் அவரைப் பற்றியது. 2007 பெப்ரவரியில் சாங்சுன் நகரத்து விகாரையொன்றில் முடி களைந்து, மியாவ்சென் என்னும் துறவுப் பெயருடன் பிக்குணியானார். அவ்வாண்டு மே 13ஆம் நாள், சென்சென் நகரில், நாற்பத்தொரு வயதிலே அவர் மறைந்தார்.

செய்தி கேட்டோர் பலர், "தாய்யூ இரண்டாம் முறையும் இறந்தாள்; அவ்வேடமே அவர் விதியாயிற்று" என்ற கருத்திலே பேசினர். கேட்பதற்கு உருக்கமான பேச்சுத்தான். ஆனால் அது நியாயமாகுமா? நோய், நடித்தவரையும் நடியாதவரையும் ஒருங்கே பற்றுவது. அதனை ஒரு கதாபாத்திரத்தின் கணக்கிலே எழுதுவது, வாழ்ந்த ஒரு பெண்ணின் வாழ்வை அவரிடமிருந்து பறிப்பதாகும். தாய்யூ பிறர் மனையில் ஒதுங்கி வாழ்ந்தவள். தன் திருமணத்தைப் பற்றித் தானே வாய் திறக்க இயலாதவள். சியாவ்சுவோ கடிதம் எழுதித் தம் வேடத்தைத் தாமே கேட்டுப் பெற்றவர். புகழின் உச்சியிலே வேறு வழி தேடியவர். இல்லறம், தொழில், துறவு ஆகிய மூன்றையும் தம் விருப்பாலே மேற்கொண்டவர். அத்துணைத் துணிவுடையவர் ஏதுமற்ற ஒருத்தியின் துயரத்தை அவ்வளவு உண்மையாகக் காட்டினாரென்றால், அது விதியன்று, பயிற்சியும் கலையுமேயாம்.

2010இல் இந்நாவல் புதிதாக மீண்டும் தொடராக்கப்பட்டது. எனினும் பழைய தொடரையே நெஞ்சிற் போற்றுவோர் பலர். தொடருக்காக எழுந்த அப்பூங்கா இன்று பொதுமக்கள் உலாவும் இடமாயுள்ளது. அங்கு செல்வோர் தாய்யூவை நினைப்பர்; நினைக்கட்டும். நம் இளைஞரும் மாணவரும் நினைக்கவேண்டியது, ஆலை நகரொன்றிலிருந்து ஒரு கவிதையை உறையிலிட்டு முன்பின் அறியாத ஒருவருக்கு அனுப்பிய அந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணையே.