மெத்தனால் விலை ஏறினா, மெத்தனால் ஷேரும் ஏறுமா?

போனஸ் கைக்கு வந்த மறுநாளே சித்தப்பா பையன்கிட்ட இருந்து போன். ஊர் கம்பம், வேலை சென்னையில. "அண்ணே, ஈரான் பக்கம் பிரச்சனை, மெத்தனால் விலை எகிறுது. மெத்தனால் தயாரிக்கிற ஒரு கம்பெனி ஷேர்ல ஒன்றரை லட்சத்தையும் போட்டுரவா?"

"முதல்ல உங்க அப்பாகிட்ட 2019-ல எவ்வளவு சம்பாதிச்சாருன்னு கேளு"ன்னேன்.

சித்தப்பாவுக்கு மலை மேல ஏலத்தோட்டம் இருக்கு. 2019 ஆகஸ்ட்ல ஏலக்காய் ஏலத்துல கிலோ 7,000 ரூபாய் வரை போச்சு. போடியே அதைப் பத்தித்தான் பேசிச்சு. ஆனா விலை ஏறினதுக்குக் காரணமே 2018 வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும்தான். விலை இருந்துச்சு, மனுஷன் கையில காய் இல்ல!

மெத்தனால் கதையும் இதேதான். பிளைவுட் பசைக்கான ஃபார்மால்டிஹைடு, அசிட்டிக் ஆசிட், மருந்துன்னு எல்லாத்துக்கும் இது மூலப்பொருள். நம்ம நாட்டுத் தேவையில பெரும்பகுதி இறக்குமதி, அதுல ஈரானோட பங்கு பெருசு. ஏன்னா மெத்தனால் செய்ய இயற்கை எரிவாயு வேணும், அது அங்க ரொம்ப மலிவு. சீனாக்காரன் நிலக்கரியில இருந்து எடுக்கிறான்.

கணக்கைப் பாருங்க. ஒரு டன் மெத்தனாலுக்கு 30 எம்எம்பிடியூ-க்கு மேல கேஸ் போகும். ஒரு யூனிட் 10 டாலர்னா, கேஸுக்கு மட்டுமே 300 டாலருக்கு மேல. மெத்தனால் 350 டாலருக்கு வித்தா மிச்சம் என்ன? சம்பளம், பராமரிப்பு, வட்டி எல்லாம் அதுக்குள்ளதான்.

இன்னொரு சிக்கல். ஹோர்முஸ் ஜலசந்தி வழியாத்தான் ஈரான் மெத்தனால் வருது. கத்தாரோட எல்.என்.ஜி-யும் அதே வழிதான். அங்க பதற்றம் வந்தா விற்கிற சரக்கு மட்டுமில்ல, வாங்குற கேஸும் சேர்ந்தே ஏறும். கம்பெனி உள்நாட்டு கேஸ் வாங்குதா, இறக்குமதி கேஸ் வாங்குதாங்கிறதைப் பொறுத்து லாபமே தலைகீழாயிடும். ஃபார்மால்டிஹைடு செய்யுற கம்பெனிக்கோ மெத்தனால் விலை ஏறினாலே செலவு. அதையும் சில பேர் 'மெத்தனால் ஷேர்'னு டெலிகிராம்ல தள்ளி விடுறாங்க, ஜாக்கிரதை.

அதனால செய்தியில வர்ற விலையை விட்டுட்டு, காலாண்டு ரிசல்ட்ல 'மூலப்பொருள் செலவு', 'மின்சாரம், எரிபொருள்' வரிகளை விற்பனையோட வச்சுப் பாருங்க. விலை ஏறின காலாண்டுல லாப விகிதமும் ஏறுச்சா?

தம்பி இப்போ எட்டு காலாண்டு ரிசல்ட்டை எக்செல்ல ஏத்திட்டு இருக்கான். ரெண்டு காலாண்டுல விற்பனை ஏறி லாபம் இறங்கியிருக்காம். போனஸ் இன்னும் லிக்விட் ஃபண்ட்லதான் இருக்கு.